தவமணி டீச்சரின் கணினி வகுப்பு

தொலைபேசி மணி கேட்டாலே தவமணி எட்டிப் போய் நின்றுகொள்வாள். எடுத்துப் பேசினால் அந்தப் பக்கம் இருப்பவர் "ஹலோ, ஹலோ, யாரு?" என்று நாலைந்து தரம் கத்திவிட்டு வைத்துவிடுவார். அவளிடம் குரல் இல்லை. காற்று மட்டும்தான் இருந்தது.

முன்பெல்லாம் அப்படியில்லை. ஜார்ஜ்டவுனில் டத்தோ கிராமாட் பக்கம் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் அவளுடையது. அப்பா ரயில்வேயில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. வீட்டில் எல்லாரும் மெல்லப் பேசுகிறவர்கள். இவள் ஒருத்திதான் வாசலில் நின்று கூப்பிட்டால் அடுத்த சந்தில் கேட்கும். வேதியியல் டீச்சராகப் போன பிறகு அந்தத் தொண்டை நன்றாகப் பயன்பட்டது. கடைசி வரிசையில் தூங்குகிறவனை மேசையைத் தட்டாமலே எழுப்பிவிடுவாள். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுக்கும்போது குரல் நரம்பு பாதிக்கப்படலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். பாதிக்கப்பட்டது. கண் விழித்துத் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தபோது ஊதுகிற சத்தம் மட்டும் வந்தது. நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லீவு முடிந்து பள்ளிக்குத் திரும்பிய முதல் வாரமே, பின்பெஞ்சுப் பையன்கள் ஒருவர் காதில் ஒருவர் அவளைப் போலவே கிசுகிசுத்துக் காட்டத் தொடங்கினார்கள். அவள் கரும்பலகைக்குத் திரும்பினால் வகுப்பு முழுவதும் உஸ், உஸ் என்று காற்றடித்தது. அதற்குப் பிறகு மணி அடித்தும் வகுப்பு வாசலில் தயங்கி நிற்பாள். மருத்துவக் குழு முன்னால் நிறுத்தி வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். "பாத்துக்கலாம் தவம், அவ்வளவு சுலபமா அனுப்பிர மாட்டாங்க" என்று கணவன் ஐயாத்துரை சொல்லுவான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவனும் பயந்திருப்பது தெரிந்துவிடும் என்று பயம்.

வேலை போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு புதுமையான இடத்துக்கு மாற்றினார்கள்.

தொண்ணூற்றெட்டாம் வருடம் அது. கணினியும் இன்டர்நெட்டும்தான் எங்கு பார்த்தாலும் பேச்சு. வேதியியல், இயற்பியல் ஆசிரியர் சரியாக அமையாத பள்ளிகளின் பள்ளியிறுதிப் பரீட்சை எழுதும் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பள்ளி விட்ட பிறகு கணினி வழியாகத் துணை வகுப்பு நடத்திப் பார்ப்பது என்று அரசாங்கத்தில் ஒரு பரீட்சார்த்தத் திட்டம் வந்தது. ஆங்காங்கே பொது மண்டபங்களில் மண்டபத்துக்கொரு கணினி வைத்தார்கள். பிள்ளைகள் அங்கே போய் உட்கார வேண்டும். டீச்சர் ஜார்ஜ்டவுனில் இருந்துகொண்டு பாடத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். பிள்ளைகள் கேள்வியைத் தட்டச்சு செய்வார்கள். குரலே வேண்டாம்.

குவீன் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியைத் திட்டத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கீழே முகம்மது கனியின் பணமாற்றுக் கடை. அதற்கு அடுத்தது கேசட் கடை. காலையிலிருந்து ஒலிபெருக்கி அலறும். மாடியில் தவமணியும், கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் திருநாவுக்கரசும் மட்டும். அரசு வாயாடி. அவன் இருந்தால் தொலைபேசியை அவனே எடுத்துவிடுவான். அது அவளுக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் இந்த வேலையிலும் பயம் விடவில்லை, வேறு மாதிரி வந்தது. வகுப்பறையில் பிள்ளைகள் சிரித்தாலும் முகமாவது தெரியும். இங்கே கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் வந்து விழுந்தன. எழுதுவது யார், புரிந்துதான் எழுதுகிறார்களா, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா, எதுவும் தெரியாது. ஒரு பிள்ளை பதில் போடத் தாமதித்தால், கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டதோ என்று பயப்படுவாள். தன் தொண்டையைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. திரையில் அவள் மற்ற டீச்சர்களைப் போல ஒரு டீச்சர். அதுவாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாள்.

பாலம் தாண்டி அக்கரையில் பிறை என்ற ஊரின் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். புஷ்பவள்ளி, ஜன்னத். புஷ்பவள்ளிதான் தட்டச்சு செய்வாள். ஜன்னத் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவாள் போலிருக்கிறது. பாதி மலாய், பாதி ஆங்கில எழுத்தில் தமிழ். "டீச்சர், ஜன்னத் கேக்குறா, ஏன் காப்பர் மட்டும் அந்தப் பக்கம் போய் ஒட்டுது?" என்று வரும். அந்த இருவருக்காகத் தவமணி கூடுதலாகவே தயார் செய்துகொண்டு போவாள்.

அன்று ஆகஸ்ட் மாதத்து மத்தியானம். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து, பெய்யாமல் புழுங்கியது. அரசு பழுதான ஒரு கணினியை எடுத்துவரப் பட்டர்வொர்த் போயிருந்தான். தவமணி தனியாக மின்பகுப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நேர்மின்வாயில் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தாள். பதில் வரவில்லை. வழக்கமான பதற்றம் தொடங்கியது. இன்னொரு தரம் கேட்டாள்.

"சாரி டீச்சர். இங்க ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது. கண்ணு எரியுது."

தவமணி விரல்களைத் தூக்கிக்கொண்டாள். பிறகு அடித்தாள். "என்ன மாதிரி நாத்தம்?"

"கக்கூஸ் நாத்தம் மாதிரி. ஆனா ரொம்ப கெட்டி. மூக்குக்குள்ள குத்துது. வெளிய சைரன் அடிக்குது டீச்சர்."

"ஜன்னல்ல பாரு. புகை தெரியுதா? என்ன கலர்?"

தவமணி நாற்காலியைத் திரைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"வெள்ளையா. தரையோட வருது, பனி மாதிரி. ஐஸ் ஃபேக்டரி பக்கத்துலேருந்து."

மஞ்சளும் பச்சையுமாக இருந்தால் குளோரின். வெள்ளை, ஐஸ் தொழிற்சாலை, கழிப்பறை நாற்றம் என்றால் அம்மோனியா. குளிர்பதனத்துக்கு வைத்திருக்கும் வாயு. எங்கோ குழாய் விட்டுவிட்டது. புத்தகத்தில் அவள் பத்துத் தரம் நடத்திய வாயு. தண்ணீரில் கரையும், நுரையீரலைப் பொசுக்கும்.

"வெளியே ஓடாதீங்க" என்று அடிக்க ஆரம்பித்தாள். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது.

"டீச்சர், இரும்பு கேட்டு பூட்டி இருக்கு. ரசாக் அங்கிள் வெளிய பூட்டிட்டுப் போய்ட்டாரு."

அப்துல் ரசாக் அந்த மண்டபத்தின் காவல்காரர். போன மாதம் வேறொரு மண்டபத்தில் கணினி திருடுபோயிருந்தது. அதிலிருந்து அவர், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போதே இரும்புக் கிராதியைப் பூட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்வருவாராம். பிள்ளைகள் இதை இப்போதுதான் சொன்னார்கள். இதைப் படித்ததும் தவமணிக்குத் திரையின் எழுத்துகள் ஒன்றோடொன்று கலங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தாள்.

"வெளியே போறதுதான் ஆபத்து. உள்ளேயே இருங்க. ஜன்னல் எல்லாம் சாத்து. தண்ணி இருக்கா?"

"கக்கூஸ்ல இருக்கு. தொட்டி நெறைய."

"துணி என்ன இருக்கோ எடுத்து நனைச்சு மூக்குல வாயில கட்டிக்குங்க. கதவு இடுக்குல, ஜன்னல் இடுக்குல ஈரத் துணி அடைங்க."

"மெர்டேகா பேனர் இருக்கு, சுதந்திர தினத்துக்கு வச்ச கொடித் துணி. அதை எடுக்கலாமா டீச்சர்? ஏசுவாங்களா?"

அந்த நேரத்திலும் அந்தப் பிள்ளை அனுமதி கேட்டது. "எடு எடு எடு" என்று அடித்தாள் தவமணி.

பிறகு தொலைபேசியைப் பார்த்தாள்.

கணினி ஒரு கம்பியிலும் அலுவலகத் தொலைபேசி வேறு கம்பியிலும் ஓடின; பேசினால் வகுப்பு அறுந்துவிடாது. பேசத்தான் முடியாது. எடுத்தாள். தீயணைப்பு எண்ணைச் சுற்றினாள். ஒரு ஆள் மலாயில் கேட்டான். அவள் தன்னிடம் இருந்த அத்தனை காற்றையும் ஒன்றுதிரட்டி, "பிறை... மண்டபத்துல... ரெண்டு பிள்ளைங்க" என்று மலாயில் சொன்னாள். அவள் காதுக்கே அது சருகு உரசுகிற மாதிரி கேட்டது. "ஹலோ? உரக்கப் பேசுங்க" என்றான். இன்னொரு தரம் சொன்னாள். கீழே கேசட் கடையில் தவிலும் நாதசுரமுமாக ஏதோ கல்யாணப் பாட்டு. "விளையாடாதீங்க, இது அவசர லைன்" என்று வைத்துவிட்டான். மறுபடி சுற்றினாள். மறுபடியும் அதே குரல், மறுபடியும் வைத்துவிட்டான்.

கணினியைத் திரும்பிப் பார்த்தாள். புது வரி இல்லை. விட்டுவிட்டுப் போனால் இந்த நேரத்தில் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று இருந்தது. போகாவிட்டால் யார் வருவார்கள்? "ஆள் கூப்பிடப் போறேன், வந்துடுவேன்" என்று அடித்துவிட்டு மாடிப்படியில் ஓடினாள். பாதியில் செருப்பு கழன்றது. கடையில் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று பணம் மாற்றிக்கொண்டிருந்தது. தவமணி அவர்களைத் தள்ளிக்கொண்டு கண்ணாடித் தடுப்பை இரண்டு கையாலும் அடித்தாள்.

"என்னாம்மா? என்னா ஆச்சு?" என்றார் முகம்மது கனி. உடம்புக்கு ஏற்ற குரல் அவருக்கு. தெருவின் அந்தக் கோடி வரை கேட்கும். அவள் பேசினாள். அவருக்குக் கேட்கவில்லை. காதைக் கிட்டே கொண்டுவந்தார். பாட்டு கேட்டது, அவள் கேட்கவில்லை. அவர் கையில் இருந்த பேனாவைப் பிடுங்கி, பணக்கட்டுக் காகிதத்தின் பின்னால் கிறுக்கினாள்: பிறை, ஐஸ் தொழிற்சாலை, கேஸ், பக்கத்து மண்டபம், உள்ளே இரண்டு பெண் பிள்ளைகள், வெளியே பூட்டு.

கனி படித்தார். முகம் மாறியது. "டேய், அந்தப் பாட்ட நிறுத்துடா!" என்று பக்கத்துக் கடையை நோக்கி ஒரு சத்தம் போட்டார். தெரு அடங்கிய மாதிரி இருந்தது. தொலைபேசியை எடுத்து, அதே தீயணைப்பு நிலையத்தோடு மலாயில் பேசினார். "விளையாட்டு இல்ல லா! வெளிய பூட்டு தொங்குதுன்னு யாரும் இல்லன்னு நெனச்சிடாதீங்க. உள்ள புள்ளைங்க இருக்கு, டீச்சர் இங்க என் முன்னால நிக்கிறாங்க."

அவர் பேசி முடிப்பதற்குள் அவள் மேலே ஓடிவிட்டாள்.

திரையில் வரிகள் காத்திருந்தன.

"டீச்சர்?"

"டீச்சர் ரெண்டு ஜன்னல் சாத்தல. கண்ணாடி ஒடஞ்சிருக்கு."

"டீச்சர் இருக்கீங்களா?"

"ஜன்னத் வாந்தி எடுக்குறா."

"டீச்சர் போகாதீங்க."

கடைசி வரிக்குக் கீழே எதுவும் இல்லை.

"இருக்கேன். இங்கதான் இருக்கேன். புஷ்பா?"

"ம்" என்று வந்தது. ஒரே எழுத்து.

அடைத்த துணிக்கு மேலேயும் புகை வருகிறது என்றால் அந்தக் கூடத்தில் இனி இருக்க முடியாது. தவமணி கேட்டாள். கழிப்பறை எந்தப் பக்கம்? ஐஸ் தொழிற்சாலை பக்கமா, எதிர்ப்பக்கமா? எதிர்ப்பக்கம். ஜன்னல் உண்டா? மேலே சின்ன ஓட்டை மட்டும். கதவு சாத்துமா? சாத்தும்.

என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. சொல்லத்தான் கை வரவில்லை. கழிப்பறைக்குப் போனால் கணினி இருக்காது. இந்தத் திரை ஊமையாகிவிடும். அந்த ஓட்டை வழியாகவும் புகை வந்தால்? அந்தச் சின்ன அறையில் மயங்கி விழுந்தால்? தன் கணக்கு தப்பாக இருந்தால், இரண்டு பிள்ளைகளைத் தானே ஒரு பெட்டிக்குள் அனுப்பி மூடிய மாதிரி ஆகும். கேட்க யாரும் பக்கத்தில் இல்லை.

"ரெண்டு பேரும் கக்கூஸுக்குள்ள போங்க. கதவு இடுக்குல ஈரத் துணி. மேல் ஓட்டையையும் அடைங்க. குழாயைத் திறந்து விட்டுடுங்க. கண்ணுல முகத்துல தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க. பாம்பா வருது. அந்தத் தீயணைப்பு ஆளுங்க வந்து தட்டுற வரைக்கும் கதவைத் திறக்காதீங்க."

"நீங்க?"

"நான் வரேன். இனி டைப் பண்ணாதே. போ."

பதில் வரவில்லை. போய்விட்டார்கள் என்று நினைத்தாள். அல்லது விழுந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் திரை தானாக அறுந்தது. அங்கே மின்சாரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். மறுபடி இணைக்கப் பார்த்தாள். இணைப்புக் கருவி கிறீச்சென்று கத்திக் கத்தி ஓய்ந்தது.

அவள் கீழே ஓடிவந்தபோது கனி காரோடு வாசலில் நின்றார். பாலத்தில் ஏறியபோது தூரத்தில் பிறைப் பக்கம் வானத்தில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மின் நிலையப் புகைபோக்கி எப்போதும் போல நின்றது. அதுதான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது. கனி ஏதேதோ தைரியம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். "பாம்பா இந்நேரம் போயிருப்பான் மா. நீங்க சொன்னது நல்ல வழி." எது நல்ல வழி என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் நினைத்தாள். கையைக் கதவுப் பிடியிலிருந்து எடுக்கவே இல்லை.

தொழிற்பேட்டை முனையில் போலீஸ் சாலையை மறித்திருந்தது. லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் அடைத்து நின்றன. காற்றில் அந்த நாற்றம் இங்கேயே மூக்கைக் குத்தியது. கூட்டத்துக்கு நடுவே ஒரு வயதான ஆள் கண் சிவந்து, இருமிக்கொண்டே போலீஸ்காரனின் கையைப் பிடித்து இழுத்தார். அவர் கையில் ஒரு சாவிக்கொத்து.

"விடுங்க லா, என்னைய விடுங்க! பாலாய் ராயா மண்டபத்து கேட்டு சாவி என் கையில இருக்கு, உள்ள ரெண்டு புள்ளைங்க!"

அப்துல் ரசாக். இரண்டு தரம் உள்ளே ஓடிப் பார்த்து, மூச்சு முட்டித் திரும்பியிருந்தார். தவமணி அந்தச் சாவியையே பார்த்தாள். சாவி இங்கே இருக்கிறது என்றால் கிராதி இன்னும் பூட்டியிருக்கிறது. ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கனிதான் போலீஸ்காரனிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். தீயணைப்பு வீரர்கள் உள்ளே போய் வெகு நேரமாகிறது. ஆம்புலன்ஸ் ஒன்று பின்வழியாக ஆஸ்பத்திரிக்குப் போனது. அதில் யார் என்று அவனுக்குத் தெரியாது. ரசாக்கையும் ஏற்றிக்கொண்டு காரை ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள். வழி முழுவதும் அவர் பின்சீட்டில் சாவியை மடியில் வைத்துக்கொண்டு, "யா அல்லா, யா அல்லா" என்றார்.

அவசரப் பிரிவில் கட்டில் போதாமல் தரையில் எல்லாம் ஆட்கள். பெரும்பாலும் ஐஸ் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். தவமணி அந்த இரண்டு பிள்ளைகளின் முகத்தை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது. ஒவ்வொரு கட்டிலாகப் போய், பள்ளிச் சீருடை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனாள். கடைசியில் திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு கட்டில்கள் ஒட்டிக் கிடந்தன. ஒருத்தி பிராணவாயு முகமூடியோடு சுருண்டு படுத்திருந்தாள். மற்றவளின் கண் இரண்டிலும் ஈரப் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். நீலப் பாவாடை முழுவதும் நனைந்து, தேசியக் கொடியின் சாயம் பிடித்திருந்தது.

கட்டில் சீட்டில் பெயரைப் படித்துவிட்டு, தவமணி குனிந்து அவள் காதருகே, "புஷ்பா" என்றாள்.

பிள்ளை திடுக்கிட்டு விலகினாள். "யாரு? நர்ஸா?"

"டீச்சர்."

புஷ்பவள்ளி கையை நீட்டிக் காற்றில் தடவி, தவமணியின் கழுத்தைத் தொட்டாள். தழும்பு விரலில் பட்டது. "ஏன் டீச்சர் இப்படிப் பேசுறீங்க? உங்களுக்கும் புகை பட்டுருச்சா?"

"இல்ல. எப்பவும் இப்படித்தான்."

பக்கத்துக் கட்டிலில் ஜன்னத் முகமூடியை விலக்கிக்கொண்டு, "நான் சத்தமா பேசுற டீச்சர்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு இருமினாள். அங்கே வைத்துத்தான் தவமணி அழுதாள்.

கிராதியை வெட்டிக்கொண்டு உள்ளே போன வீரர் ஒருவர், பிறகு கனியிடம் நடந்ததைச் சொன்னார். வெளியே பூட்டு தொங்கிய மண்டபத்தை அவர்கள் முதலில் தாண்டித்தான் போனார்களாம். ரேடியோவில் செய்தி வந்த பிறகுதான் திரும்பினார்கள். கழிப்பறைக் கதவைத் தட்டினால் உள்ளே இருந்தவர்கள் திறக்கவில்லை. "பாம்பாவா, பாம்பாவா" என்று மூன்று தரம் கேட்ட பிறகே திறந்தார்கள். தண்ணீர் கணுக்கால் வரை நின்றதாம்.

புஷ்பவள்ளிக்குக் கண் சரியானது. ஜன்னத்துக்கு மழைக்காலம் வந்தால் இருமல் வரும், அது போகவில்லை. இருவரும் பரீட்சை எழுதினார்கள். வேதியியலில் ஜன்னத் நன்றாகவே வாங்கினாள், புஷ்பவள்ளி பாஸ் ஆனாள். ரசாக் வேலையை விட்டுவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தவமணிக்கு அந்தப் பயம் போகவில்லை. துணிச்சல்காரி என்று ஆசிரியர் அறையில் பேசியது அவள் காதுக்கும் வந்தது. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. திட்டம் நடந்த மிச்ச காலம் முழுவதும், பாடம் தொடங்குமுன் ஒவ்வொரு மண்டபத்துக்கும் ஒரே கேள்வியை அனுப்புவாள். கதவு திறந்திருக்கிறதா? எல்லாரும் ஆமாம் என்று போட்ட பிறகுதான் அடுத்த வரி. ஒரு பிள்ளை பதில் போடத் தாமதித்தால் அரசுவைக் கூப்பிட்டு அந்த மண்டபத்துக்குப் போன் போடச் சொல்லுவாள். "ஜாமான் வாங்கப் போயிருக்கும் டீச்சர், பயப்படாதீங்க லா" என்பான் அரசு. போனைச் சுழற்றிக்கொண்டேதான் சொல்லுவான்.